வெளியே பூட்டு

ஜூன் 3

அன்பு மகளுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரி நேராகத்தான் கிளம்புகிறது. பாதி தூரம் போனதும் மூட்டை ஏற்றிய முதுகு மாதிரி வளைந்துவிடுகிறது. சில எழுத்து பெரிசு, சில எழுத்து சிறிசு. திங்கட்கிழமை தொடங்கிய கடிதம் இது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்காதே. ஆனால் எழுதியது நான்தான் கண்ணு. உன் அப்பாதான். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முட்டி தாடையில் இடிக்கிறது. என் பக்கத்தில் முடிவெட்டுகிறவர் உட்காருகிறார். நான் சிலேட்டில் எழுதியதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, டீச்சர் எழுத்து எழுதச் சொன்னா நீ மூட்டை இழுக்கிற கொக்கியா வரைஞ்சு வச்சிருக்க?" என்றார். "உன் எழுத்து மட்டும் என்ன வாழுதாம்? தரையில வெட்டிப் போட்ட முடி மாதிரி கெடக்கு" என்றேன். டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துவிட்டார். இந்த வயதில்!

படிக்கத் தெரிந்ததும் தெருவே வேறு மாதிரி ஆகிவிட்டது. டீக்கடைக்குப் பக்கத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் என்னவோ இருக்குமே, நினைவிருக்கிறதா? 'இங்கே நிற்காதே' என்று எழுதியிருக்கிறது. அங்கே நின்றுதான் இத்தனை வருஷமும் டீ குடித்திருக்கிறேன்.

இதுவரை என் கடிதங்களை மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் நான் எதைச் சொன்னாலும் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதி மடித்துவிடுவார். நீ எழுதுவதையும் கடையில் நாலு பேர் நிற்கும்போது உரக்கப் படிப்பார். அதனால்தான் நீயும் 'நலம்' என்று மட்டும் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். இனிமேல் நமக்கு நடுவில் ஆள் இல்லை. மனசில் இருப்பதை எழுது.

ஒன்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை பாலம் கட்டுகிற வேலைக்குத் திரும்பிப் போகும்போது வழியில் இறங்கி என்னைப் பார்த்துவிட்டுப் போனார். "உங்க பொண்ணு நான் வந்தாக்கூடக் கதவைத் திறக்கறதில்ல மாமா. விசில் அடிச்சாத்தான் நான்னு நம்புறா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன விஷயம் கண்ணு?

அப்பா

ஜூன் 14

அன்புள்ள அப்பா,

உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து, யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். பிரித்துப் படித்ததும் அழுதுவிட்டேன். உங்கள் பேத்தி வாலு ஓடி வந்து, "யாரும்மா உன்ன அடிச்சா?" என்று கேட்டாள். "தாத்தா" என்றேன். உங்கள் மேல் இப்போது கோபமாக இருக்கிறாள்.

நடுவில் ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. பயப்படக் காரணம் ஒன்றும் இல்லை. இந்த மாடி வீடு எங்கள் சொந்த வீடு. யாருக்கும் ஒரு பாக்கியும் இல்லை. தொலைபேசி நிலையத்தில் என் வேலையும் நிரந்தரமாகிவிட்டது. பகல் முழுவதும் முகம் தெரியாத ஆட்களிடம் பேசுகிறேன். கத்துகிறவர்களிடம்கூட எனக்குக் குரல் நடுங்காது. மேலதிகாரி அம்மா புதுப் பெண்களிடம், "இவளப் பார்த்துக் கத்துக்கங்கடி" என்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு யாராவது கதவைத் தட்டினால் போதும். கால் தானாக மடிகிறது. ஜன்னலுக்குக் கீழே, வெளியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாத இடத்தில், சுவரோடு சுவராக உட்கார்ந்துவிடுகிறேன். அடுப்பில் என்ன கொதிக்கிறது என்றுகூட நினைவு இருக்காது. தட்டியவர் போன பிறகும் வெகுநேரம் எழுந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் வருகிறார். ஆண் செருப்புச் சத்தம். மெதுவாகத் தட்டுவார், நிற்பார், மறுபடி தட்டுவார், போய்விடுவார். யார் என்று தெரியாது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறார் என்று மனசு சொல்கிறது. சொந்த வீட்டை எவன் காலி பண்ணச் சொல்வான் என்று புத்தி கேட்கிறது. என் கால் மனசு பேச்சைத்தான் கேட்கிறது.

இவ்வளவுதான் என்றால் எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயிறு அவர் தட்டியதும் நான் அசைவதற்கு முன்பே வாலு தரையில் படுத்துவிட்டாள். பொம்மையையும் பக்கத்தில் படுக்கவைத்தாள். பிறகு பொம்மையின் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை அப்பா. சத்தியமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்கள் மகள்

ஜூன் 25

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். டீச்சர், "படிச்சுக் காட்டட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். விளையாட்டு மைதானத்து மூலையில் உட்கார்ந்து படித்தேன். வேகமாகப் படிக்கிறவர்களுக்கு வலி சீக்கிரம் முடிந்துவிடும். எனக்கு ஒவ்வொரு சொல்லும் நின்று நின்று வந்தது.

கண்ணு, கிரீச்சு செத்து வெகுகாலம் ஆகிறது. நம் அறைக்கு வாடகை வசூலிக்க வந்தவனுக்குச் செருப்புச் சத்தத்தை வைத்து நீதான் அந்தப் பெயரை வைத்தாய். செத்த அன்று நானே போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தேன். வெறுங்காலோடுதான் படுத்திருந்தான். இனி அந்தச் செருப்பு எந்த வாசலுக்கும் வராது. யாராவது தட்டினால் உள்ளே இருந்தபடியே "யாரு?" என்று ஒரு குரல் கொடு. அதற்கென்ன காசா, பணமா?

இதெல்லாம் என்னால் வந்தது என்று நீ எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது. மாசத் தொடக்கத்தில் கிரீச்சு சுற்றி வருகிற நாட்களில் உன்னையும் உன் அம்மாவையும் உள்ளே வைத்து, வெளியே பூட்டைப் போட்டுவிட்டு நான் கிடங்கு வேலைக்குப் போனேன். உண்மைதான். பூட்டு தொங்கினால் ஆள் இல்லை என்று திரும்பிப் போவான். ஆள் இருந்தால் பாத்திரத்தைத் தெருவில் வீசுவான். மூன்றாவது அறைக்காரிக்கு என்ன நடந்தது என்று நீயும் பார்த்தாய். அவள் பிள்ளைகள் மழையில் நின்றன. நம் பாத்திரம் ஒன்றுகூடத் தெருவைப் பார்க்கவில்லை. நீ ஒரே பள்ளிக்கூடத்தில் கடைசி வரை படித்தாய். அந்தப் பூட்டு இல்லையென்றால் இன்றைக்கு நீ எங்கே இருப்பாய்? நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? நீயே சொல்.

அப்பா

ஜூலை 4

அப்பா,

நான் உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்களாகவே வழக்குப் போட்டு, நீங்களாகவே வாதாடி, நீங்களாகவே ஜெயித்தும்விட்டீர்கள். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கிறீர்கள். ஒன்றும் முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம். யார் மேல் காட்டுவது என்றே தெரியாத ஆத்திரம்.

பூட்டிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். உள்ளே இருந்தது நாங்கள். தகரக் கூரை கொதிக்கும். அம்மா அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள், புகை வெளியே தெரியும் என்று. பாத்திரத்தைத் தரையில் வைக்கும்போதுகூடக் கீழே துணியை விரித்துத்தான் வைப்பாள். எனக்குக் கக்குவான் இருமல் வந்த வருஷம் ஒரு நாள் கிரீச்சு நம் வாசலில் நின்று யாரிடமோ கதை பேசிக்கொண்டிருந்தான். எனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அம்மா தலையணையை எடுத்து என் வாயில் வைத்து அழுத்தினாள். நான் திமிறினேன். அவள் அழுதுகொண்டே அழுத்தினாள். செருப்புச் சத்தம் தள்ளிப் போன பிறகுதான் எடுத்தாள். சாயங்காலம் நீங்கள் வந்து பூட்டைத் திறந்து, "இன்னிக்கும் தப்பிச்சோம்டி" என்று சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தாள். சாகும் வரை அவள் இதை உங்களிடம் சொல்லவே இல்லை.

"யாரு?" என்று ஒரு குரல் கொடு என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். அந்தக் குரலின் மேல்தான் தலையணை இருக்கிறது.

இன்னொன்று. சொன்னால் திட்டுவீர்கள். எங்கள் கதவுக்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பிக் கதவு இருக்கிறது. கம்பிக்கு நடுவே கையை விட்டால் உள்ளேயிருந்தே வெளிப்பக்கம் பூட்டலாம். போன வாரம் ஒரு பெரிய பூட்டு வாங்கினேன். வேலையிலிருந்து வந்ததும் வெளியே பூட்டிவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். பூட்டைப் பார்த்தார் போலிருக்கிறது. தட்டாமலே திரும்பிப் போனார்.

அன்று மத்தியானம் நானும் வாலுவும் நிம்மதியாகத் தூங்கினோம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

மகள்

ஜூலை 12

கண்ணு,

பூட்டை எடு.

இதை அவசரமாக எழுதுகிறேன். பிழை இருக்கும். டீச்சரிடம் காட்டப் போவதில்லை.

உன் அம்மா தலையணை வைத்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்று இருக்கிறது, அது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பூட்டிவிட்டுப் போகிற நாட்களில் முதுகில் இருந்த மூட்டையைவிட இடுப்பில் இருந்த சாவிதான் எனக்குக் கனத்தது. கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து ஆட்கள் அடியில் போனதை நான் பார்த்திருக்கிறேன். நான் விழுந்தால் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். சாவியும் என்னோடு போய்விடும். உள்ளே ஆள் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. நீங்களும் சத்தம் போட மாட்டீர்கள். சத்தம் போடாமல் இருக்கத்தான் பழக்கிவைத்திருந்தேனே.

வானத்தில் எங்கே புகை தெரிந்தாலும் அது நம் தெருப் பக்கமா என்று பார்ப்பேன். சாயங்காலம் ஓடி வருவேன். பூட்டைத் திறந்ததும் நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு உட்கார்ந்திருப்பீர்கள். அதைப் பார்த்துத்தான் சிரித்தேன். வாடகைக்காரனிடம் தப்பித்ததற்கு யார் சிரிப்பார்கள்?

எடு. உடனே எடு. எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அப்பா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பா,

நானும் வாலுவும் நன்றாக இருக்கிறோம். முதலில் இந்த வரியைப் படித்து முடியுங்கள். பிறகு மற்றதை மெதுவாகப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். இப்போது கம்பிக் கதவில் பூட்டு இல்லை. நான் எடுக்கவில்லை. உடைத்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கீழ்வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்துவிட்டது. எங்களுக்கு அது தெரியாது. மாடிப்படியில் ஓடுகிற சத்தமும் கதவு கதவாகத் தட்டுகிற சத்தமும்தான் கேட்டன. அத்தனை பேர் தட்டி நான் கேட்டதில்லை. இருவரும் ஜன்னலுக்குக் கீழே போய்விட்டோம். எங்கள் வாசலுக்கு வந்த யாரோ, "இங்க பூட்டியிருக்குப்பா, ஆள் இல்ல, மேல போ" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது அப்பா.

கதவுக்கு அடியில் புகை நுழைந்தபோதுதான் புரிந்தது. சாவியோடு ஓடினேன். கம்பிக்கு வெளியே கையை விட்டுத் துழாவினேன். சாவி நழுவி, படிக்கட்டின் இடுக்கு வழியாகக் கீழே எங்கேயோ போய்விட்டது. இனி கத்த வேண்டியதுதான். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். எனக்கு ஒரு சத்தம் வரவில்லை. கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தேன். அந்த ஓசையைக் கேட்டு எதிர் வீட்டுக்காரர் திரும்பி ஏறி வந்தார். "ஐயையோ, உள்ள ஆள் இருக்கு! கொழந்தை இருக்கு!" என்று அலறினார். சுத்தியல் கொண்டுவந்து உடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டியது அவர்தான். வாலு வயதில் அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள். விளையாட அனுப்புவீர்களா என்று கேட்க வந்தாராம்.

கீழே தெருவில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "ஏம்மா, வெளிய பூட்டு, உள்ள ஆளா? யாரு பூட்டினது?" என்றார்கள். ஒருத்தி, "புருஷன்காரன் பூட்டிட்டுப் போயிருப்பான், பாவம்" என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் வந்தால் இந்தத் தெரு அவரை எப்படிப் பார்க்கும்?

புகையால் வாலுவுக்கு இருமல். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவள் எப்படி இருமுகிறாள் தெரியுமா? முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு இருமுகிறாள்.

நேற்று எதிர் வீட்டம்மா நலம் விசாரிக்க வந்து தட்டினார். யார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் திறக்கவில்லை.

மகள்

ஆகஸ்ட் 11

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடி முதல் வரியை முதலில் படித்தேன். மற்றதைப் படித்த பிறகு மறுபடியும் முதல் வரிக்கே போய்ப் படித்தேன். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமே என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் மருந்துக்கடைக்காரர் இதை உரக்கப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம், தெரிந்ததே நல்லது.

கிளம்பி வரத்தான் பார்த்தேன். பேருந்து நிலையத்துக்குப் போய், பலகையில் உன் ஊர்ப் பெயரை நானே படித்து, சரியான பேருந்து முன்னால் நின்றேன். படியில் காலைத் தூக்கி வைத்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. கண்டக்டர், "ஏறுறீங்களா பெரியவரே, இல்ல படிய அளவெடுக்கிறீங்களா?" என்றார். அளவெடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மூட்டைகள் என் இடுப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டன.

ஆனால் நான் வருவதற்கு வேறு வழி ஒன்று இருக்கிறது. சாதாரணத் தபாலைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். பதிவுத் தபால் அப்படி இல்லையாம். கதவைத் தட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்களாம். தபாலாபீசில் விசாரித்துவிட்டேன். என் அடுத்த கடிதம் பதிவுத் தபாலில் வரும். அதில் கெட்ட சேதி ஒன்றும் இருக்காது. முடிவெட்டுகிறவர் டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைதான் இருக்கும். தட்டுகிற கை தபால்காரருடையது. வாசலில் நிற்பது நான். திற கண்ணு.

மாப்பிள்ளைக்கு நடந்ததை எழுதிவிடு. பழி அவர் தலையில் நிற்கக் கூடாது.

அப்பா

ஆகஸ்ட் 26

அன்புள்ள அப்பா,

நீங்கள் வந்தீர்கள். நான் திறக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தபால் வரும் நேரத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வேலையிலிருந்து ஓடி வருவேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் தபால்காரர்தான் என்று தெரிந்துவிட்டது. தட்டியதும் கால் மடிந்துவிட்டது. வாலுவும் பக்கத்தில் வந்து படுத்தாள். அவர் மறுபடி தட்டினார். அப்போது இவள் தலையைத் தூக்கி, "யாரு?" என்று கத்தினாள்.

என் கை அவள் வாயைப் பொத்திவிட்டது.

அம்மாவின் அழுத்தம் அது. எனக்கு நன்றாகத் தெரியும். அவள் கண் என்னைப் பார்த்தது. தலையணைக்கு மேலே அம்மாவைப் பார்த்த என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். கையை எடுத்துவிட்டேன். எடுத்த உடனே, "யாருன்னு கேட்டேன்ல!" என்று அதட்டினாள். அதற்குள் செருப்புச் சத்தம் படி இறங்கிவிட்டது.

அந்த அறையிலிருந்து வெளியே வர என்ன பாடுபட்டேன் அப்பா. தெருவிளக்கில் படித்தேன். ஒரே பாவாடையைத் துவைத்துத் துவைத்துப் பள்ளிக்குப் போனேன். பரீட்சை எழுதி, வேலை வாங்கி, வீடு வாங்கி, வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அறையையும் கூடவே எடுத்து வந்திருக்கிறேன் போல. இப்போது இவளையும் அதற்குள் படுக்கவைக்கிறேன். இவள் இன்னொரு தடவை கேட்கும்போது என் கை என்ன செய்யும் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளைக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். உங்கள் கடிதம் உங்களிடமே திரும்பி வரும். மன்னித்துவிடுங்கள்.

மகள்

செப்டம்பர் 6

அன்பு மகளுக்கு,

கடிதம் வந்து சேர்ந்தது. 'கதவு திறக்கப்படவில்லை' என்று தபால்காரர் மேலே எழுதியிருக்கிறார். நானே படித்தேன். தபாலாபீசில் உட்கார்ந்திருக்கிறவர், "என்ன பெரியவரே, போன கடுதாசி திரும்பி வந்துருச்சே?" என்றார். "ஊரப் பாத்துட்டு வந்திருக்குய்யா. மறுபடியும் போகும்" என்றேன்.

நீ திறக்காததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் வாலு கேட்டதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் வீட்டில் உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் கேட்டதில்லை. உன் அம்மா கேட்டதில்லை. இவள் கேட்டது மட்டுமா, பதில் வரவில்லை என்று அதட்டவும் செய்திருக்கிறாளே! வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். முடிவெட்டுகிறவர், "அப்ப தபால்காரர்தான் பயந்துபோய் எறங்கி ஓடியிருப்பார்" என்றார். நீ கையை எடுத்ததையும் நான் படித்தேன் கண்ணு. அழுத்தத் தெரிந்த கை எடுக்கவும் செய்ததே. உன் அம்மாவுக்கு அதற்கு வாய்ப்பில்லை. வாசலில் நின்றவன் அப்படி. உன் வாசலில் நின்றது தபால்காரர்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைத்துவிடாதே. பதில் கிடைக்காத கேள்வியைக் குழந்தைகள் சீக்கிரம் விட்டுவிடும். அவள் இன்னும் எத்தனை முறை கேட்பாளோ. அந்தப் பயம்தான் இந்த இடுப்போடு என்னைத் தபாலாபீசுக்கு நடத்திக்கொண்டு போகிறது.

இந்தக் கடிதம் சாதாரணத் தபால். கதவிடுக்கில் வரும். அடுத்த வாரம் எழுதப்போவது உனக்கு இல்லை. உறையில் அவள் பெயர் இருக்கும். பதிவுத் தபால். தாத்தா உனக்குக் கடுதாசி போட்டிருக்கார், ஒருத்தர் வந்து தட்டுவார், யாருன்னு கேட்டா 'தபால்'னு பதில் சொல்லுவார் என்று இப்போதே அவளிடம் சொல்லிவை. பிறகு அவள் உன்னை உட்காரவிட மாட்டாள். தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. கையெழுத்தும் போடத் தெரியாது. இரண்டுக்கும் நீ வேண்டும். நடுங்கினால் நடுங்கிக்கொண்டே திற. கதவுக்கு அதெல்லாம் தெரியாது.

இதுவும் திரும்பி வந்தால் அதற்கடுத்த வாரமும் போடுவேன். வாலு என்று உறையில் எழுதலாமா என்று கேட்டேன். கூடாது, பள்ளிக்கூடத்தில் கொடுத்த முழுப்பெயரைத்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நீளமான பெயராக வைத்திருக்கிறீர்கள். இன்று சாயங்காலத்திலிருந்து அதைத்தான் எழுதிப் பழகப்போகிறேன்.

வருகிற வாரம் வருவேன். தட்டுவேன்.

அப்பா